அம்மாவுக்கு எந்தக் கருஞ்சீரகம்?

தீபாவளி முடிந்து எல்லாரும் கிளம்பிப்போன மறுநாள், பினாங்கு ஜெலுத்தோங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் நான்கு விதமான கருஞ்சீரகம் உட்கார்ந்திருந்தது. கிள்ளானிலிருந்து வந்த அண்ணன் வைத்துவிட்டுப் போன காப்ஸ்யூல் டப்பா. அண்ணி வறுத்து அரைத்து ஹார்லிக்ஸ் போத்தலில் நிரப்பிக் கொடுத்த மூன்று சாமான் பொடி. எதிர்வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, பாசத்தோடு கொண்டுவந்து தந்த 'மின்யாக் ஹப்பத்துஸ் சவ்தா' என்ற கருஞ்சீரக எண்ணெய், கறுப்புக் கண்ணாடிப் போத்தலில். கடைசியாக, லெபோ பாசாரில், அதாவது பழையவர்கள் வாயில் கடைத்தெருவில், நான் வாங்கிவந்த 100 கிராம் விதை.

"கிளினிக்கு மருந்தே ஒரு கை நிறைய இருக்கு. இதுல எதைத்தான்டி திங்கிறது?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி. நான்கையும் திங்க முடியாது, திங்கவும் கூடாது. அம்மாவுக்கு வயது 68. இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், பதினாறு வருஷமாக. ரத்தக் கொதிப்பு அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்ளசைடு, கொதிப்புக்கு அம்லோடிபின் என்று மூன்று மாத்திரை தினமும் ஓடுகிறது. 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் என்று வந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்தான் முதலிடம். "நாம முதல்ல வர்ற ஒரே பந்தயம்" என்பார் அண்ணன். ஆகவே இந்த மேசை எங்கள் வீட்டு மேசை மட்டுமில்லை என்று தெரியும். நான் ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததையும், எடை போட்டுப் பார்த்ததையும், கிளினிக்கில் கேட்டதையும் எழுதுகிறேன்.

முதலில் பொருள் சரியா என்று பார்க்க வேண்டும். கருஞ்சீரகத்துக்கும் நாம் ரசத்தில் போடும் சீரகத்துக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்; இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். கருஞ்சீரகத்தின் தாவரப் பெயர் நிஜெல்லா சட்டைவா. மலாயில் ஜிந்தான் ஹித்தாம், வட இந்தியக் கடையில் கலோஞ்சி. கடையில் இதோடு குழம்புவது கறுப்பு எள். எள் தட்டையாக, ஒரு முனை கூராக, வழவழவென்று இருக்கும். கருஞ்சீரகம் மூன்று பட்டையோடு, மங்கிய கறுப்பில், கரிப்பொடி ஒட்டியது போல இருக்கும். நாலு விதையை உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் நசுக்குங்கள்: ஓமமும் மிளகும் சேர்ந்தாற்போல ஒரு காரநெடி எழ வேண்டும். எழவில்லையென்றால் விதை பழசு, இல்லையென்றால் வேறு விதை. நான் போன முதல் கடையில் நெடியே இல்லை. இரண்டாவது கடைக்காரர், "மூக்குல வச்சுப் பார்த்துட்டு வாங்குங்க தங்கச்சி, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று அவரே கரண்டியில் எடுத்து நீட்டினார். அங்கேயே வாங்கினேன்.

அந்த நெடியில்தான் விஷயம் இருக்கிறது. விதையில் மூன்றில் ஒரு பங்கு, கூடினால் நாற்பது சதவீதம், கொழுப்பெண்ணெய். ஆவியாகிப் போகும் வாசனை எண்ணெய் ஒன்றிரண்டு சதவீதம் இருந்தாலே அதிகம். ஆய்வாளர்கள் துரத்துகிற தைமோகுவினோன் என்ற பொருள் இந்த வாசனை எண்ணெயில் இருக்கிறது. அதற்கு வெளிச்சமும் ஆகாது, சூடும் ஆகாது. நான்கையும் ஒப்பிடும்போது இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரணத்தைத் தவிர மற்ற எல்லா நோய்க்கும் இதில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி புகாரி தொகுப்பில் இருக்கிறது; கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளில் பேரீச்சம்பழத்தோடு இதுவும் அடுக்கியிருப்பதற்கு அதுதான் காரணம். நம் சித்த மருத்துவத்தில் தோல் கரப்பானுக்கும், தலைவலிக்கும், பீனசத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பிரசவ மருந்தில் கருஞ்சீரகம் இல்லாமல் என் பாட்டி இடித்ததே இல்லை. இதிலெல்லாம் எனக்குச் சண்டை கிடையாது. அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு போத்தல் விற்கிறவர்களோடுதான் சண்டை.

ஆய்வு என்ன சொல்கிறது? இனிப்புநீருக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2010இல் சவூதியிலிருந்து வெளிவந்த ஒன்று. 94 பேர், மூன்று குழு. நாளுக்கு 1 கிராம், 2 கிராம், 3 கிராம் என்று விதை, மூன்று மாதம். 2 கிராம் சாப்பிட்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 1.5 புள்ளி இறங்கியது. 3 கிராம் அதைவிட அதிகமாக ஒன்றும் செய்துவிடவில்லை. 1 கிராமில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் கண்ட இறக்கம் இதைவிடக் குறைவு. ரத்தக் கொதிப்புக்கும் அப்படித்தான்: 2016இல் பதினோரு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மேல் அளவில் மூன்று புள்ளி சொச்சம் இறங்கியது. 150ஐ 147 ஆக்கும் மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொல்ல முடியாது, கொண்டாடவும் முடியாது.

இதில் நம் வாட்சாப் அன்பர்கள் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு. அந்த 94 பேரும் தங்கள் மாத்திரையை நிறுத்தவில்லை. மாத்திரையோடு சேர்த்துத்தான் விதையும் சாப்பிட்டார்கள். இதை வைத்து 'மெட்ஃபார்மினா கருஞ்சீரகமா' என்று ஒப்பிடுகிறவர்கள் இந்த ஆய்வு நடத்தாத பந்தயத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். நான் ஒப்பிடப்போவது மேசையில் இருந்த நான்கை மட்டும்.

அண்ணியின் பொடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதுதான் வீட்டுக்கு வீடு இருக்கிறது. 250 கிராம் வெந்தயம், 100 கிராம் ஓமம், 50 கிராம் கருஞ்சீரகம்; தனித்தனியாக வறுத்து, அரைத்து, இரவில் வெந்நீரில் ஒரு கரண்டி. சளியிலிருந்து மாரடைப்பு வரை நூறு நோய் தீரும் என்று சுற்றிவருகிற அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். கணக்குப் போடுங்கள். மொத்தம் 400 கிராமில் கருஞ்சீரகம் 50, எட்டில் ஒரு பங்கு. ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ மூன்று கிராம் பொடி சாப்பிட்டால் அதில் கருஞ்சீரகம் அரை கிராம்கூட இல்லை. அதுவும் கறுகறுவென்று வறுத்தபோது வாசனையில் பாதி அடுப்பங்கரையிலேயே போய்விட்டது. இந்தப் பொடியால் சர்க்கரை இறங்கினால் பெரும்பாலும் வெந்தயத்துக்குத்தான் மாலை போட வேண்டும்.

இறங்குவது நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இந்தப் பொடியை வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி கலக்கிக் குடித்துவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டு வந்து பசியாறிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். பத்தரை மணிக்கு வீடு திரும்பியவர் செருப்பைக் கழற்ற முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். கை நடுக்கம், நெற்றியெல்லாம் வியர்வை, "கண்ணு மங்கலா இருக்கு" என்றார். ஊசி குத்திப் பார்த்தால் 3.4 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. சீனி போட்ட மைலோ ஒரு மக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. குற்றம் பொடியின் மேல் மட்டுமில்லை; கிளிக்ளசைடு போட்டுக்கொண்டு பசியாறாமல் போனதே போதும் இப்படி ஆக. ஆனால் அந்த மாத்திரையோடு இன்னொரு சர்க்கரை குறைப்பானையும் சேர்த்தால் எந்தப் பக்கம் சாயும் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். தவிர, வெந்தயத்தின் நார் வயிற்றில் கொழகொழவென்று ஊறி மாத்திரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தலாம். அண்ணி மனசு நோகக் கூடாது என்பதற்காக அந்தப் போத்தல் இன்னும் அலமாரியில் இருக்கிறது, சாம்பாருக்கு.

அடுத்தது எண்ணெய். இங்கேயும் கணக்குதான் கண்ணைத் திறந்தது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் நாலரை கிராம் நிற்கும். விதையில் மூன்றில் ஒரு பங்குதான் எண்ணெய் என்றால், அந்த ஒரு கரண்டிக்குப் பதின்மூன்று கிராம் விதை வேண்டும். என் வீட்டுத் தராசில் ஒரு தேக்கரண்டி விதை இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. அதாவது ஒரு கரண்டி எண்ணெய் என்பது நாலைந்து கரண்டி விதை. 'காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி' என்று சிலர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கும்போது இது நினைவுக்கு வர வேண்டும்.

எண்ணெயின் இன்னொரு தொல்லை அது சீக்கிரம் காறிப்போவது. இதில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம். காற்றும் சூடும் பட்டால் கெடுகிற ரகம். பினாங்கு வெயிலில், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், மூடி சரியாக மூடாத போத்தல் எத்தனை நாள் தாங்கும்? இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், நானே ஏமாந்தேன். வெள்ளைக் கண்ணாடிப் போத்தல், பளிச்சென்று விளக்கு வெளிச்சத்தில் அடுக்கியிருந்தது. ஒட்டியிருந்த தாளில் பன்னிரண்டு நோயின் பெயர் இருந்தது, பதிவெண் இல்லை. வீட்டில் திறந்தால் பழைய பலகாரச் சட்டி வாடை. நல்ல கருஞ்சீரக எண்ணெய் தேன் கலந்த பழுப்பில் இருக்கும், நாக்கில் கசக்கும், தொண்டையில் சுருக்கென்று பிடிக்கும். வழவழவென்று ஒன்றுமே தெரியாமல் இறங்கினால் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம். வாங்குவதென்றால் கறுப்புப் போத்தல், செக்கில் சூடில்லாமல் ஆட்டியது, சின்ன அளவு, திறந்தபின் குளிர்ப்பெட்டி. தைமோகுவினோன் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் அது கூடுதல் நம்பிக்கை; பெரும்பாலான போத்தல்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பதிவெண் பற்றிச் சொன்னேன். மருந்து வடிவில் விற்கும் எண்ணெய்க்கும் காப்ஸ்யூலுக்கும், மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ தரும் பதிவெண் இருக்க வேண்டும்: எம்ஏஎல் என்று தொடங்கி, எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. டி என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் உடல்நலத் துணைப்பொருள். கூடவே ஹோலோகிராம் ஒட்டு. எண்ணை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் போட்டால் பொருளின் பெயர் வரும். வேறு பெயர் வந்தால் குப்பைத்தொட்டி. ஆனால் இந்த எண் எதைச் சொல்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். பொருள் பாதுகாப்பானது, தரம் பார்த்தது என்பதுதான் அதன் பொருள். சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருபது நோய்களைப் பட்டியல் போட்டு, இவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு எல்லாம் அதில் இருக்கின்றன. 'சர்க்கரை நோய் முற்றிலும் குணம்' என்று எழுதிய போத்தல் அந்த ஒரு வரியிலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பதிவில்லாத 'அற்புத' மருந்துகளில் ஸ்டீராய்டும் சர்க்கரை மாத்திரையும் இரகசியமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. கூட்டுவலி மூன்றே நாளில் பறந்தது என்றால் கருஞ்சீரகத்தைப் பாராட்டுமுன் யோசியுங்கள்.

தேன் கலந்த கருஞ்சீரகம், கருஞ்சீரகக் காப்பித்தூள், சாக்லெட்: இனிப்புநீர்க்காரர்களுக்கு ஆகாது. மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அண்ணனின் காப்ஸ்யூலுக்கு வருவோம். வசதி என்றால் இதுதான். கசப்பு இல்லை, ஏப்பத்தில் மட்டும் கொஞ்சம் நெடி. அளவு எப்போதும் ஒரே மாதிரி. பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகலாம். ஆனால் காப்ஸ்யூலில் இரண்டு ஜாதி. ஒன்றில் எண்ணெய், மெத்தென்று பளபளக்கும். மற்றதில் பொடி, கெட்டிக் கூடு. இரண்டிலும் 500 மில்லிகிராம் என்று போட்டிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல: எண்ணெய் 500 மில்லிகிராமுக்குப் பின்னால் ஏறக்குறைய ஒன்றரை கிராம் விதை இருக்கிறது, பொடி 500க்குப் பின்னால் அரை கிராம்தான். ஆய்வில் சொன்ன 2 கிராமுக்குப் பொடிக் காப்ஸ்யூல் நான்கு விழுங்க வேண்டும். ஆகவே டப்பா விலையையோ காப்ஸ்யூல் எண்ணிக்கையையோ வைத்து மலிவு பார்க்காதீர்கள். ஒரு கிராம் விதைக்கு எத்தனை சென் என்று வகுத்துப் பாருங்கள். கடைத்தெரு விதை எங்கேயோ முன்னால் ஓடிவிடும்.

எங்கள் வீட்டில் காப்ஸ்யூலின் கதையை முடித்தது விலையல்ல. டப்பாவின் பின்பக்கம் எறும்பெழுத்தில் 'கெலாத்தின், போவைன்' என்று இருந்தது. போவைன் என்றால் மாடு. மெத்தென்ற அந்தக் கூடு மாட்டின் எலும்பு, தோலிலிருந்து எடுத்த கெலாத்தினில் செய்தது. மேலே ஹலால் முத்திரை இருந்ததால் அண்ணன் நிம்மதியாக வாங்கிவிட்டார். ஹலால் முத்திரை பன்றி இல்லை என்று சொல்லும், மாடு இல்லை என்று சொல்லாது. அம்மா பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சி தொட்டதில்லை, வெள்ளிக்கிழமை சைவம். படித்துக் காட்டியதும் டப்பாவை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான். தாவரக் கூட்டில் வரும் காப்ஸ்யூலும் உண்டு. தேடினால் கிடைக்கும், பின்பக்கத்தைப் படிக்கத்தான் வேண்டும். நம்மவர்கள் எத்தனை பேர் தெரியாமல் மீன் எண்ணெய் மாத்திரையிலும் வைட்டமினிலும் இதையே விழுங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு கதை.

மிச்சம் விதை. இதன் குறை ஒன்றே ஒன்று: சோம்பேறிக்கு ஆகாது. முழுசாக விழுங்கினால் கெட்டித் தோலோடு போன வழியே வெளியே வந்துவிடும். மெல்ல வேண்டும், அம்மாவின் பல்லுக்கு முடியாது. இடிக்க வேண்டும். இடித்ததை மாசக்கணக்கில் வைத்தால் எண்ணெயைப் போலவே காறும், ஆகவே வாரத்துக்கு வாரம் இடிக்க வேண்டும். மற்றபடி, கண்ணால் பார்த்து மூக்கால் சோதித்து வாங்க முடிகிற ஒரே வடிவம் இதுதான். கலப்படத்துக்கு இடம் குறைவு. சர்க்கரை ஆய்வில் நல்ல பலன் சொன்னதும் விதையைக் கொடுத்துத்தான். நம் நாட்டிலும் 2014இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளுக்கு 1 கிராம் பொடி கொடுத்து, கெட்ட கொழுப்பும் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தது.

யார் தொடவே கூடாது, அல்லது கேட்காமல் தொடக் கூடாது என்பதை எந்தப் போத்தலும் பெரிய எழுத்தில் போடாது. கர்ப்பிணிகள்: ரொட்டி மேல் தூவிய நாலு விதை பரவாயில்லை, மருந்தளவு வேண்டாம், பாட்டிமார் இதைப் பிரசவத்துக்குப் பின்தான் கொடுத்தார்கள், தள்ளிப்போன மாதவிலக்கை வரவழைக்கவும் கொடுத்தார்கள், அதை யோசித்தாலே புரியும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள். உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள். சிறுநீரகம் பலவீனமானவர்கள், சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்மணிக்குக் கருஞ்சீரக மாத்திரையால் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததாக மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ஒரே ஒரு சம்பவம்தான், ஆனால் நம் பெரியவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரையோடு சிறுநீரகமும் பழுது என்று நினைத்தால் லேசாக விட முடியவில்லை. அறுவைச் சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

கிளினிக் கெசிஹத்தானில், அதாவது அரசாங்கக் கிளினிக்கில், மருந்து வாங்கப் போனபோது நான்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. மருந்துக் கொடுக்கும் சன்னலில் இருந்த பெண் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, கிட்னி டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு அம்மாவின் புத்தகத்தில் 'ஜிந்தான் ஹித்தாம், பொடி' என்று எழுதி, தேதி போட்டாள். காலை பசியாறிய பிறகு அரைத் தேக்கரண்டி. முதல் இரண்டு வாரம் தினமும் ஊசி குத்திப் பார்த்து எழுதி வர வேண்டும். ஐந்துக்குக் கீழே அடிக்கடி வந்தால் பொடியை நிறுத்திவிட்டு வர வேண்டும், மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல. கடைசி வரியை இரண்டு தடவை சொன்னாள்.

அரைத் தேக்கரண்டி பொடி ஏறக்குறைய ஒரு கிராம். சர்க்கரைக்குப் பலன் தெரிந்த 2 கிராமில் அது பாதிதான். அந்த மைலோ மக்கை இன்னும் மறக்காத எனக்கு, பாதியில் தொடங்குவது சரியென்றே பட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா இடிகல்லில் மூன்று கரண்டி விதையை இடிக்கிறார். வீடு முழுக்க நெடி. தோசைக்கு வைத்த தேங்காய்ச் சட்னியில் கலந்து சாப்பிட்டால் கசப்பு தெரியவில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. காப்ஸ்யூல் டப்பாவை அண்ணன் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். தனக்கும் போன மாசம் சர்க்கரை 7.8 காட்டியது என்று அப்போதுதான் வாயைத் திறந்தார்.

மக்சிக்கின் எண்ணெய்ப் போத்தலில் பதிவெண் இருந்தது, நெடியும் நன்றாக இருந்தது. அதை அம்மா முழங்காலுக்குத் தேய்க்கிறார். சிலருக்குத் தோலில் தடிப்பு வரும் என்று படித்ததால், முதலில் முன்கையில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார்த்தோம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மக்சிக், "மாச்சாம் மானா, பாகுஸ் தாக்?" (எப்படி, நல்லா இருக்கா?) என்று கேட்கும்போதெல்லாம் அம்மா முழங்காலைத் தட்டிக்கொண்டு, "பாகுஸ், பாகுஸ்" என்கிறார். குடித்தாரா தேய்த்தாரா என்று மக்சிக் கேட்டதில்லை.